நாத்தனாரும் ஆறுமணிக் குருவியும்

பறவைகளைப் படமெடுக்கப் பொறுமை ஒன்று இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் யாரும் என் நாத்தனாரோடு வாக்கிங் போனதில்லை.

எங்கள் வீடு விழுப்புரத்தில். எனக்கு வேலை திண்டிவனத்தில், ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில். காலையில் ஒரு பஸ், இருட்டிய பிறகு ஒரு பஸ். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தே இருந்ததில் சர்க்கரை ஏறிவிட்டது. தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பின்தெருவில் காலனிப் பூங்கா இருக்கிறது. வட்டமாக ஒரு சிமென்ட் பாதை, நடுவில் தண்ணீர் வராத நீரூற்று, காது உடைந்த சிமென்ட் மான், நாலைந்து வேப்பமரம், இரண்டு புங்கமரம். அதையே திரும்பத் திரும்பச் சுற்றி வருவது போன்ற அலுப்பான காரியம் வேறு கிடையாது. அந்த அலுப்பைப் போக்கத்தான் கேமரா வாங்கினேன். திண்டிவனத்தில் கல்யாணங்களுக்குப் படமெடுக்கும் ஒருவர் புதிதாக ஒன்று வாங்கியபோது பழையதை எனக்கு விலைக்குக் கொடுத்தார்.

"வீட்ல விசேஷமாங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்க. குருவி எடுக்கறதுக்கு."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். லென்ஸைத் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்து வந்தவரிடம் பேசப் போய்விட்டார்.

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பூங்காவுக்குள் நுழைந்த முதல் நாளே தெரிந்துவிட்டது, மனிதர்களைத் தாண்டித்தான் பறவையிடம் போக வேண்டும் என்று. எதிரில் வருகிறவர் எல்லாம் நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. "இதுல நெலாவ எடுத்தா பெருசா தெரியுமா?" காலை வெயிலில் நின்றுகொண்டு நிலாவைப் பற்றிப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. ஒருவர் பாஸ்போர்ட் அளவு போட்டோ எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். இன்னொருவர், தான் யோகா செய்வதைப் பக்கவாட்டில் எடுக்கச் சொன்னார். நடைப்பயிற்சிச் சங்கத்தின் தலைவர், பணி ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, வாரம் ஒருமுறை சங்கத்து ஆட்கள் அத்தனை பேரையும் நீரூற்றின் முன்னால் வரிசையாக நிற்க வைத்து, "மேடம், ஒரே ஒரு ஸ்னாப்" என்பார். அந்த ஒரே ஒரு ஸ்னாப்புக்கு யாராவது கண்ணை மூடியிருப்பார்கள். மறுபடி எடுக்க வேண்டும். அதற்குள் வேப்பமரத்துக்கு வந்த வால்காக்கை போயே போயிருக்கும்.

இதெல்லாம் பழகிக்கொண்டிருந்த சமயத்தில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தார்.

என் கணவருக்கு மூத்த அக்கா. கெடார் பக்கத்தில் நிலமும் மாடுமாக இருந்தவர். அவர் வீட்டுக்காரர் இறந்த பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மகளோடு கொஞ்ச நாள், தம்பியோடு கொஞ்ச நாள் என்று இருந்தார். அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தார். முட்டி வலி. அவரையும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். "நீ போவும்போது அக்காவையும் கூட்டிக்கினு போ" என்று சொல்லிவிட்டு என் கணவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

நாத்தனார் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவது எதிலும் அது தெரியாது. அவருக்குப் பேசாமல் நடக்க வராது. மூச்சு வாங்கும்போதும் பேசுவார். என்னிடம் பேசி முடிந்தால் போனை எடுப்பார். காது சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில்தான் போடுவார். கெடாரில் யார் மாடு சினை பிடித்தது, யார் மல்லாட்டைப் பயிரில் பூச்சி விழுந்தது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் பூங்காவில் நடக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். நான் ஒரு மரத்தைப் பார்த்து நின்றால், பின்னாலிருந்து, "இன்னாத்தம்மா பாக்கிற? எங்க? எனக்குத் தெரியலியே" என்று முதுகில் தட்டுவார். படம் ஆடிவிடும். என்னிடம் இருக்கும் மீன்கொத்திப் படங்கள் எல்லாம் ஆடிய மீன்கொத்திகள்.

"அண்ணி, கொஞ்ச நேரம் பேசாம வாங்களேன். பறந்துடும்."

"பறக்கட்டுமே. இன்னொண்ணு வராமயா போவும்?"

ஐப்பசியில் ஒரு நாள் இரவெல்லாம் மழை பெய்து விடியும்போது விட்டிருந்தது. பூங்காவின் பின்மூலையில், கழிப்பறைக்குப் பின்னால், ஒரு புதர் உண்டு. உண்ணிச்செடியும் காட்டுக்கொடியும் மண்டி, நடுவில் ஒரு நுணா மரம். பூங்காவைக் கூட்டுகிறவர்கள் சருகையெல்லாம் அங்கேதான் கொட்டுவார்கள். டீக்கப்புகளும் பிஸ்கட் உறைகளும்கூட அங்கேதான் போகும். நல்ல ஆட்கள் அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பார்கள். அன்று அங்கிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. இரண்டு சுரம். யாரோ யாரையோ கூப்பிடுவது போலத் தெளிவாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். ஈரச் சருகின் மேல் மைனா அளவில் ஒரு பறவை. வால் இல்லையோ என்று நினைக்கும்படி மொட்டையான பின்பக்கம். முதுகு பச்சை, நெஞ்சு சந்தன நிறம், இறக்கையில் ஒரு நீலத் தீற்றல், கண்ணுக்குக் குறுக்கே மையை இழுத்துவிட்டது போலக் கறுப்புப் பட்டை. அது திரும்பியபோது வாலடியில் குங்குமச் சிவப்பு.

ஆறுமணிக் குருவி. புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து மழைக்காலத்தில் தெற்கே வரும் பறவை. விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் கூப்பிடுவதால் அந்தப் பெயர். அத்தனை தூரம் பறந்து வந்து, இறங்குவதற்கு எங்கள் கழிப்பறைக்குப் பின்னால் உள்ள குப்பைதான் கிடைத்திருக்கிறது.

கேமராவைத் தூக்கினேன். பின்னால் நாத்தனாரின் போன் அம்மன் பாட்டோடு அலறியது. "ஆங்! சொல்லுடி! கேக்குது!" என்றார் நாத்தனார். சருகு மட்டும் இருந்தது. பறவை இல்லை.

அன்றைக்குப் பஸ்ஸில் திண்டிவனம் போய்ச் சேரும்வரை அந்த போனை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் போனபோது புதரின் முன்னால் சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் குனிந்து நின்றிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் சொன்னதை வைத்துக்கொண்டு, முந்தின நாள் மாலையே நாத்தனார் பூங்காவுக்குப் போய்ப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்: இமயமலையிலிருந்து ஒரு குருவி வந்திருக்கிறது, எங்கள் தம்பி பொண்டாட்டி கண்டுபிடித்தாள் என்று. ஒருவர் உள்ளே மிக்சரை வாரி இறைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கையைத் தட்டி, "ச்சூ, வா, வெளிய வா" என்று கூப்பிட்டார்.

"சார், கை தட்டாதீங்க. அது கூச்சப்படற பறவை. மிக்சரும் தின்னாது, புழுதான் தின்னும்."

"புழு எங்க மேடம் கிடைக்கும்?" என்றார் அவர், உண்மையான அக்கறையோடு.

இப்படியே நாலைந்து நாட்கள் போயின. சீழ்க்கை கேட்கும். நான் ஓடுவேன். சருகு அசையும். யாராவது வந்து நிலாவைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு முறை தெருநாய் ஒன்று புதருக்குள் புகுந்து, வெளியே வந்து, என்னைப் பார்த்துக் குரைத்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். வீட்டுக்கு ஓடிக் குளித்து, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டும். என்னிடம் இருந்தது பச்சையாக ஏதோ கலங்கித் தெரியும் ஒரே படம். என் கணவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "கொத்தமல்லிக் கட்டா?" என்றார்.

ஒரு நாள் நாத்தனாரை எழுப்பாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தனியாகப் போனால் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். புதருக்கு எதிரில் முழங்காலிட்டு உட்கார்ந்து, கொசு கடிக்கக் கடிக்கக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நெடுநேரம் கழித்து, பூங்காவின் மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா! உன் குருவி இங்க கீதும்மா! ஜல்தியா வா!"

ஓடினேன். சுற்றுச்சுவரை ஒட்டின பெஞ்சில் நாத்தனார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இந்தப் பின்தெருவுக்கு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். பெஞ்சுக்கு முன்னால் வெறும் ஈர மண்.

"இங்கதாம்மா இருந்துச்சி. என் கால் கிட்ட. மண்ணக் கிண்டிக்கினு, குதிச்சிக்கினு. எவ்ளோ நேரமா பாத்துக்கினு இருக்கேன் தெரியுமா?"

"அப்பறம் ஏன் அண்ணி கத்தினீங்க?"

"கத்தலன்னா உனக்கு எப்படிக் கேக்கும்?"

அவர் பெருமையாகப் போனை நீட்டினார். படம் எடுத்திருந்தார். படத்தில் பாதி அவருடைய கட்டைவிரல். மீதிப் பாதியில், வெயில் விழுந்த மண்ணில், ஆறுமணிக் குருவி அவரையே நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கண்ணில் இருந்த ஒளிப்புள்ளிகூடத் தெரிந்தது. கண்ணீர் வந்துவிடும் போலிருந்தது எனக்கு. சந்தோஷத்தில் இல்லை. வீட்டுக்குப் போவதற்குள் அவர் அதை மகள் வீட்டுப் பேத்திக்கு அனுப்பி, அவள் உதவியோடு படத்தைச் சுற்றி ரோஜாப்பூ ஒட்டி, "காலை வணக்கம்" என்று எழுதி, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்.

"எப்படி அண்ணி அவ்வளவு கிட்ட வந்தது?" என்று இரவு சாப்பிடும்போது கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? முட்டி வலிக்குதேன்னு குந்தினேன். அதுவா வந்துச்சி."

அடுத்த நாள் நானும் அந்த பெஞ்சில் உட்காருவது என்று முடிவு செய்தேன். நாத்தனாரிடம் நிபந்தனைகள் போட்டேன். போனை அணைத்துவிட வேண்டும். பேசக் கூடாது. முதுகில் தட்டக் கூடாது. அவர் ஒப்புக்கொண்டு வாயில் விரலை வைத்துக் காட்டினார். பெஞ்சில் உட்கார்ந்ததும், "பேசக் கூடாதுன்னா குசுகுசுன்னு பேசலாமா?" என்று கேட்டார். கூடாது என்றேன். இருமினார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார். புடவைத் தலைப்பை உதறினார். "எவ்ளோ நேரம்மா? பேஜாரா இருக்குதே" என்றார். நான் பல்லைக் கடித்தேன். பிறகு சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், தலை சாய்ந்து, வாயைத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். மெல்லிய குறட்டை.

அந்தக் குறட்டைக்கு அது பயப்படவில்லை. புங்கமரத்தடியிலிருந்து குதித்துக் குதித்து வந்தது. ஒரு சருகைப் புரட்டியது. நின்றது. மொட்டை வாலை ஆட்டியது. மறுபடி புரட்டி, மண்புழு ஒன்றை இழுத்தது. புழு நீளமாக வந்துகொண்டே இருந்தது, பறவை பின்னால் சாய்ந்துகொண்டே போனது. நான் எடுத்தேன், எடுத்தேன், விரல் வலிக்க எடுத்தேன். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. அலுவலகத்துக்குப் போன் செய்து அரை நாள் விடுப்பு சொன்னேன். "உடம்பு சரியில்லையா?" என்று மேலதிகாரி கேட்டதற்கு, "நல்லா இருக்கேன் சார்" என்று உளறிவிட்டேன்.

ஒரு படம் உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. வாயில் புழுவோடு, ஒரு காலைத் தூக்கி, பச்சையும் நீலமும் சிவப்பும் எல்லாம் தெரிய. பக்கத்தில் நசுங்கிய ஒரு டீக்கப் கிடந்தது. அதுவும் இருக்கட்டும் என்று வெட்டாமல் விட்டேன். அலுவலகத்தில் காட்டினேன். ஒருவர் கிளி என்றார், ஒருவர் மீன்கொத்தி என்றார். கிளியனூரிலிருந்து வரும் ஓர் அம்மா மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அழகா இருக்குதுங்க, ஆனா பாவம், தனியா இருக்குதே" என்றார்.

அந்த வாரக் கடைசியில் சங்கத் தலைவர் என்னை நிறுத்தினார். பின்மூலையைச் சுத்தம் செய்து உடற்பயிற்சிக் கருவிகள் வைக்கப்போகிறார்களாம். நன்கொடை கிடைத்துவிட்டதாம்.

"சார், இப்ப வேண்டாம். அந்தக் குருவி அங்கதான் தங்கியிருக்கு. கொஞ்ச நாள்ல அதுவே தெற்கே போயிடும். அதுவரைக்கும் தள்ளி வைங்க. முடிஞ்சா அந்த மூலையை விட்டுட்டு, நீரூற்றுப் பக்கம் வைங்க."

அவர் அக்கறையாகத் தலையாட்டினார். "நியாயமான பேச்சு மேடம். கமிட்டியில நான் பேசறேன். நீங்க எடுத்த போட்டோவ அனுப்புங்க. நாலு பேரு பாத்தாதான நம்புவாங்க."

அன்றைக்கே அனுப்பினேன். கூடவே, இந்தப் பறவைக்கு ஏன் சருகும் புதரும் வேண்டும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து நீளமாகத் தட்டி அனுப்பினேன். கும்பிடும் கை ஒன்று பதிலாக வந்தது.

திங்கட்கிழமை காலையில் நானும் நாத்தனாரும் பூங்காவுக்குப் போனபோது பின்மூலை வெட்டவெளியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பொம்மையார்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அந்த ஒரு நாளில் ஜே.சி.பி. வந்து வேலையை முடித்துவிட்டிருந்தது. நுணா மரத்தின் மஞ்சள் வேர் மேலே கிடந்தது. சிவப்பு மண்ணில் டயர் தடம். நான் அங்கேயே நின்றேன். நாத்தனார் போனை எடுக்கவில்லை. அந்த வேரைக் காலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, "வேற எங்கனா போயிருக்கும்மா. றெக்க இருக்குதில்ல" என்றார்.

தலைவர் எதிரில் வந்தார். நான் கேட்பதற்கு முன்பே இரண்டு கைகளையும் விரித்தார்.

"பேசினேன் மேடம். ரொம்ப பேசினேன். ஆனா எக்சர்சைஸ் மெஷின ஏற்கெனவே லாரியில ஏத்திட்டாங்களாம். நா இன்னா பண்ண முடியும்? ஆனா உங்க போட்டோ எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சிப்போச்சி."

அது எவ்வளவு பிடித்துப்போயிற்று என்பது திறப்பு விழா அன்று தெரிந்தது. பூங்கா வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ். மேலே கமிட்டிக்காரர்களின் முகங்கள் வட்டவட்டமாக. நடுவில் என் ஆறுமணிக் குருவி. டீக்கப்பை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தாமரை. கீழே பெரிய எழுத்தில்: "இயற்கையைக் காப்போம், ஆரோக்கியம் வளர்ப்போம்". பறவையின் வாயில் இருந்த புழுவையும் எடுத்துவிட்டிருந்தார்கள். அலகைத் திறந்துகொண்டு அது யாரையோ திட்டுவது போல இருந்தது.

எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். நாத்தனார் என் கையை விடவில்லை. ஃபிளெக்ஸின் முன்னால் நின்று, போகிற வருகிறவர்களிடம், "இது எங்க தம்பி பொண்டாட்டி எடுத்தது. பஸ்ஸ வுட்டுட்டு எடுத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரிப்பன் வெட்டி முடிந்து, எல்லோருக்கும் கேசரி கொடுக்கும்போது தலைவரே எங்களிடம் வந்தார்.

"எப்படிம்மா இருக்குது?" என்று நாத்தனாரைக் கேட்டார்.

"நல்லாதான் இருக்குதுங்க தலைவரே" என்றார் நாத்தனார், அவருக்கு இயல்பான குரலில், அதாவது பூங்கா முழுக்கக் கேட்கும்படி. "குருவிய படத்துல வெச்சிட்டீங்க. அது குந்தியிருந்த எடத்துல மெஷின வெச்சிட்டீங்க. இப்ப அது வந்து கேட்டா இன்னா சொல்லுவீங்க? போட்டோ பாத்துட்டுப் போன்னுவீங்களா?"

கேசரித் தட்டோடு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். தலைவரின் முகம் சுருங்கியது. "அதில்லம்மா, செடி வைக்கப்போறோம், மூங்கில் எல்லாம் வைக்கப்போறோம்" என்றார். நாத்தனார் கேசரியைச் சாப்பிட்டு முடித்து, தட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, "வாம்மா போலாம்" என்றார். தெரு முனை வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அவரிடம் நான் எரிந்து விழுந்த நாட்களையெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், இதை ஜே.சி.பி. வருவதற்கு முன்னால் அவர் கமிட்டியில் போய்க் கத்தியிருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

மூங்கில் நட்டார்கள். இரண்டு கன்று. இரண்டும் கோடையில் காய்ந்துபோயின. ஒரு காற்றில் ஃபிளெக்ஸ் கழன்று விழ, யாரோ அதை எடுத்துப் பூங்காவின் கழிப்பறைக்குக் கதவுத் திரையாகக் கட்டினார்கள்.

நான் இன்னும் கேமராவோடுதான் போகிறேன். தவிட்டுக்குருவிகள் இருக்கின்றன. செம்போத்து ஒன்று அவ்வப்போது வருகிறது. போன ஐப்பசியில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சீக்கிரமே போய்ப் பின்மூலையில் நின்று கேட்டேன். கருவிகளின் கிறீச் சத்தம் மட்டும்தான்.

அதில் பெரும்பகுதி நாத்தனார் போடும் சத்தம். உட்கார்ந்துகொண்டே சைக்கிள் மிதிக்கும் கருவிகள் இரண்டு அங்கே இருக்கின்றன. அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. முட்டி வலி பாதி குறைந்துவிட்டது என்கிறார். தம்பியிடமும் சொல்கிறார், ஸ்பீக்கரில் மகளிடமும் சொல்கிறார், எதிரில் வரும் தலைவரிடமும் சொல்கிறார். தலைவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரு நாள் நான் அங்கே போய் முறைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாம்மா அப்படிப் பாக்கிற?" என்றார் மிதிப்பதை நிறுத்தாமல். "கோவம் வேற, முட்டி வேற. பக்கத்துல ஒண்ணு காலியாத்தான் கீது, வந்து குந்து."

கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன். அவர் கெடார் மாட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.